கை தேடிய பீரோ

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கூடத்திலும் நடையிலும் ஆள் இல்லை. ஆள் இருக்கவும் கூடாது. காலி நடையைச் சும்மா ஒரு நிமிடம் காட்டினாலே யாரோ வரப்போகிறார்கள் என்று பார்க்கிறவர்கள் காத்திருப்பார்கள் என்பது திகில் படக்காரர்களின் பழைய வித்தை.

அப்போது நடையின் அந்தக் கோடியில் கதவு திறந்தது. வசந்தா மாமி வெளியே வந்தார்.

மாமி நடிகை இல்லை. நாங்கள் படப்பிடிப்புக்கு எடுத்திருந்த கோபாலபுரம் வீட்டின் சொந்தக்காரர். வயது எழுபத்தைந்துக்கு மேல். சில வருஷங்களாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. நாங்கள் இருக்கும் பத்து நாளும் அவரும் அவர் கணவரும் பின்னறையில் இருப்பது என்று ஏற்பாடு.

மாமி கையை நீட்டினார். இடுப்பு உயரத்தில், காற்றில், எதையோ பிடிக்கப் போவதுபோல் விரல்களை விரித்தார். பிறகு மூடினார். கைக்குள் ஒன்றும் இல்லை. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இயக்குநர் 'கட்' சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்த நானும் நிறுத்தவில்லை.

எல்லாரையும் சந்தேகப்படணும்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய பாட்டு ஷூட்டிங் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "திகில் காட்சி எடுக்கும்போது உங்களுக்குப் பயமாக இருக்காதா?" என்று கேட்டிருந்தார். இருக்காது அம்மா. வெளிச்சம் போதுமா, மைக் நிழல் விழுகிறதா என்கிற கவலைக்கு நடுவில் பயப்பட யாருக்கு நேரம்? இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை பயந்தேன். அது இந்த வீட்டில்தான்.

படம் சின்னப் படம். ஒளிப்பதிவு நான். இயக்குநர் பிரவீன், துறுதுறுவென்று இருப்பார். கதை இதுதான்: பழைய வீடு ஒன்றில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். மூன்று பேர் வந்து போகிறார்கள். அவர்களில் ஒருவன் கொலைகாரன்.

"யாருங்க கொலைகாரன்?" என்று முதல் நாளே கேட்டேன். தெரிந்தால்தானே அதற்கேற்ப லைட் வைக்க முடியும்?

"அது எடிட்டிங்ல டிசைட் பண்ணிக்கலாம் மேடம். நீங்க எல்லாரையும் சந்தேகப்படுற மாதிரி எடுத்துடுங்க."

எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் எடுத்தேன். பால் பாக்கெட் போடுகிறவரைக்கூட பாதி முகம் இருட்டில் இருக்கும்படி நிறுத்தினேன். பாவம், அவருக்கு ஒரே வசனம்: "அம்மா, பால்." நான் வைத்த லைட்டில் அதுவே மிரட்டல் மாதிரி இருந்தது.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒருவர் நடந்து போகிறார். அவர் முகத்துக்கு முன்னால் இடம் விட்டு எடுத்தால் அவர் எங்கோ போகிறார் என்று தோன்றும். முதுகுக்குப் பின்னால் இடம் விட்டு எடுத்தால் அவர் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தோன்றும். ஆளும் அதே ஆள், தெருவும் அதே தெரு. ஜன்னல் கம்பிக்கு வெளியே கேமராவை வைத்தால், உள்ளே காபி ஆற்றுகிறவர்கூட ஜெயிலில் இருப்பதுபோல் தெரிவார்.

இந்தப் பாடத்தை நான் ராயப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே படித்துவிட்டேன். கரண்ட் போனால் அம்மா மெழுகுவர்த்தியைத் தரையில் ஒட்டவைத்து, அதைச் சுற்றி எங்களை உட்காரவைத்துச் சோறு போடுவாள். கீழிருந்து வெளிச்சம் பட்டதும் அவள் முகம் வேறு யாருடையதோ ஆகிவிடும். எனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிடும்.

"அம்மா, நீ அம்மாதானே?"

"இல்லடி, பக்கத்து வூட்டுக்காரி. வாய மூடிக்கினு துன்னு."

கரண்ட் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவளை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பகல் பதினொரு மணி ராத்திரி

வசந்தா மாமியின் கணவர் ராமநாதன் சார், கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பார்க்கப் போன அன்று அவரே காபி கலந்து கொடுத்தார். மாமி தொலைபேசி இணைப்பகத்தில் சூப்பர்வைசராக இருந்தவராம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கூடத்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய எண்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"வெளில அழைச்சிண்டு போனா தெரு தெரியாது. சில நாள் என் பேரே தெரியாது," என்றார் சார். "ஆனா ஆத்துக்குள்ள அவ ராணி. கண்ணை மூடிண்டு நடப்பா. பெங்களூர்ல இருக்கற எங்க பொண்ணு, அம்மாவை அடையார்ல ஒரு ஹோம்ல சேர்த்துடலாம்னு சொல்லிண்டே இருக்கா. ஆத்துக்குள்ள நன்னா நடமாடிண்டிருக்காளேன்னு சொல்லித்தான் நான் தள்ளிப்போட்டுண்டு வரேன்."

"அப்போ ஷூட்டிங்கெல்லாம் தொந்தரவா இருக்காதா சார்?"

"நாலு மனுஷா வந்து போனா அவளுக்கும் கலகலன்னு இருக்குமேன்னுதான்."

கலகலவென்றுதான் இருந்தது. ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்பே செட் போடுகிற ஆர்ட் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சுவர் கரும்பச்சை ஆனது. நடையில் இருந்த இரும்புப் பீரோ, ஆள் ஒளிய வசதியாகக் கூடத்துக்கு வந்து குறுக்கே நின்றது. சாப்பாட்டு மேஜை, பிரம்பு நாற்காலி, தரைப் பாய் எல்லாம் கார் ஷெட்டுக்குப் போயின. சிவப்புத் தரைக்கு எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினார்கள். தி. நகரிலிருந்து வந்த கனத்த திரைகள் ஜன்னல்களில் தொங்கின. அதற்கு வெளியே கறுப்புத் துணி கட்டி, பகல் பதினொரு மணிக்கு நான் ராத்திரி பண்ணினேன்.

இந்தப் பொய் ராத்திரி எங்களையே குழப்பிவிடும். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தால் சுள்ளென்று வெயில் அடிக்கும். பள்ளிக்கூடம் விட்ட ஆட்டோக்கள் போய்க்கொண்டிருக்கும். இது எந்த நாள், நான் சாப்பிட்டேனா இல்லையா என்று ஒரு கணம் விளங்காது.

முக்கியமான ஃபிரேம் ஒன்றுதான். கூடத்தின் வாசல் பக்கக் கோடியில் கேமரா. அங்கிருந்து பார்த்தால் கூடம், அதற்கு அப்பால் நடை, நடை முடிகிற இடத்தில் பின்னறைக் கதவு எல்லாம் தெரியும். பிரவீன் அந்த இடத்தை விட்டு நகரவே விடவில்லை. ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் போட்டிருந்தோம்.

தினமும் காலையில் நாங்கள் ஆரம்பிப்பதற்கு முன்பும், சாயங்காலம் முடித்த பிறகும், சார் மாமியின் கையைப் பிடித்து வாசல் வராந்தாவுக்குக் காற்றாட அழைத்துப்போவார். ஸ்டாண்டு பக்கம் வந்ததும் சொல்லுவார்:

"கால் தடுக்கும். சுத்தி வா வசந்தா, சுத்தி வா."

மாமி புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சுற்றி வருவார். என்னைப் பார்த்தால், "சாப்ட்டியாடி?" என்பார். மூன்றாம் நாள் நான் அவரைக் கவனிப்பதை நிறுத்திவிட்டேன். வேலை இருந்தது.

டில்லி குறுக்கே வந்தார்

ஆறாவதோ ஏழாவதோ நாள் அது. சார் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மாமி தனியாக வெளியே வந்துவிட்டார்.

கையில் பீரோவின் பிடி அகப்படாததும் ஒரு கணம் நின்றாரா? பிறகு மெதுவாக நடந்தார். நடை முடியும் இடத்தில் இடது காலை லேசாகத் தூக்கி வைத்தார், அங்கே பாய் விளிம்பு இருப்பதுபோல. கூடத்துக்குள் நாலு எட்டு வந்ததும் இடுப்பை ஒரு பக்கம் ஒடுக்கிக்கொண்டார், மேஜை முனை இடிக்காமல் இருக்க. மேஜையே இல்லை. கரும்பச்சைச் சுவரைப் பார்த்தார். எங்கள் பக்கம் பார்த்தார். லைட் வெளிச்சத்துக்குப் பின்னால் இருபது பேர் நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த முகத்தில் இருந்த திகைப்பை, வீட்டுக்குள் வந்தும் வீடு இல்லாத அந்தப் பார்வையை, எங்கள் கதாநாயகியிடம் வாங்க நான்கு நாளாக முட்டி மோதிக்கொண்டிருந்தோம்.

மாமி ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் உட்காரத் தாழ்ந்தார்.

நாற்காலி ஷெட்டில் இருந்தது.

யாரோ ஃபிரேமுக்குள் பாய்ந்தார்கள். லைட்மேன் டில்லி அண்ணன். மாமியை அக்குளுக்குக் கீழே தாங்கிப் பிடித்துவிட்டார்.

"மெதுவாம்மா, மெதுவா. ஒண்ணியும் இல்ல. நான் புட்ச்சிக்கினேன்."

"ஐயோ அண்ணே! ஷாட்ல வந்துட்டீங்களே!" என்று கத்தினார் பிரவீன்.

"இன்னா சார் ஷாட்டு? பெரியவங்க வுயுந்து இடுப்ப ஒட்சிக்கினா உன் ஷாட்டு வந்து தூக்குமா?" டில்லி அண்ணன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களாவது ஒரு கொரல் குட்த்திருக்கலாம் மேடம்."

கொடுத்திருக்கலாம். மாமி உட்காரப் போகிறார் என்பது டில்லி அண்ணனுக்கு முன்பே எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர் தாழத் தாழ, என் கை கேமராவையும் அவரோடு சேர்த்துத் தாழ்த்திக்கொண்டிருந்தது. ஃபோகஸ்கூடப் போகவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மாமிக்கு என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடுதான் தோன்றியது. முதலில் பயந்தது என் கையைப் பார்த்து.

வெட்கமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, ஷாட் பிரமாதமாக வந்திருக்கிறது என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சார் மருந்துப் பையோடு வந்தபோது மாமி டில்லி அண்ணனின் கையை விடாமல் நின்றுகொண்டிருந்தார். சாரைப் பார்த்ததும் சொன்னார்:

"யாராத்துக்கு அழைச்சிண்டு வந்திருக்கேள் என்னை? நம்மாத்துக்குப் போலாம் வாங்கோ."

இருந்த மாதிரியே

படப்பிடிப்பு முடிந்தது. பூசணிக்காய் உடைத்தோம். ஆர்ட் ஆட்கள் வீட்டைப் பழையபடி வைத்துக் கொடுக்கிற வேலையில் இறங்கினார்கள். நான் கிளம்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து சாரிடமிருந்து ஃபோன்.

"எல்லாம் இருந்த மாதிரியே வச்சுட்டோம்னுதான்மா சொல்லிட்டுப் போனா. போட்டோவைப் பாத்துப் பாத்து வச்சா. ஆனா இவ ரூமை விட்டு வெளிலயே வர மாட்டேங்கறா. ஒரு தரம் எட்டிப் பாத்தா, கட்டிலைக் கெட்டியாப் புடிச்சுண்டு உக்காந்துட்டா. 'ஆத்துக்குப் போலாம்'கற ஒரே பேச்சு. ஞாயித்துக்கிழமை பொண்ணு வரா. அவகிட்ட நான் இப்போ என்னன்னு சொல்லுவேன்?"

வெள்ளிக்கிழமை காலை போனேன். கூடத்துக்குள் காலை வைத்ததும் விஷயம் விளங்கிவிட்டது. சுவர் வெள்ளைதான், அது ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனால் வீடு எங்கள் செட்டாகவே நின்றது. பீரோ குறுக்கே, ஜன்னலோரம் காலி. கனத்த திரைகள்கூடத் தொங்கின.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டை எடுத்தால், கையை வைப்பதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பித் தரும்போது அதைப் பார்த்து வைக்க வேண்டும். ஆர்ட் உதவியாளரும் ஒழுங்காக எடுத்திருந்தார். ஆனால் ஷூட்டிங்கின் முதல் நாள், பூஜை போட்டுத் தேங்காய் உடைத்த அன்று காலையில் எடுத்திருந்தார். சாமான்களை நகர்த்தியதோ அதற்கு இரண்டு நாள் முன்பு, தினக்கூலி ஆட்கள். சினிமாக்காரர்களுக்கு ஒரு வீடு பிறப்பதே பூஜை அன்றுதான். அதற்கு முன்னால் அங்கே முப்பது வருஷம் யாரோ வாழ்ந்திருப்பார்கள் என்பது புத்தியில் ஏறாது.

"சார், பீரோ சரியா எந்த இடத்துல இருந்தது?"

"நடையிலதான்மா. இந்தப் பக்கச் சுவர்... இல்லை, அந்தப் பக்கமோ? எல்லாம் அவதான் வச்சுப்பா."

"சாப்பாட்டு மேஜை?"

"அது ஷெட்லயே இருக்கு. உங்க வேலை இன்னும் பாக்கி போலருக்குன்னு நெனச்சுட்டேன்."

கொல்லையில் ஒரு இலையைக் கிள்ளிக் கொடுத்தால் குலம் கோத்திரம் சொல்லிவிடுவார். சொந்த மேஜை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சிரிக்க முடியாது. வீடு பார்க்க வந்த அன்று நான் எடுத்த ஃபோட்டோக்களை ஃபோனில் தேடினேன். முப்பது படம். முப்பதிலும் ஜன்னல். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை. தரையில் தடம் தேடினேன், எண்ணெய் பூசி மெழுகிவிட்டார்கள். சுவரில் தடம் தேடினேன், புது வெள்ளை.

பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாமி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

காற்றில் எடுத்த அளவு

அடையாறு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி ஃபோனைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் மேல் கம்பியை எட்டிப் பிடித்தாள். சரியாகக் கைக்குள் வந்தது. தினம் போகிற பஸ்ஸாக இருக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமி காற்றில் பிடித்தாரே, அது சும்மா காற்று இல்லையே! பீரோவின் பிடி அங்கேதானே இருந்திருக்க வேண்டும்? பாய் விளிம்பு அவர் கால் தூக்கிய இடத்தில். மேஜை முனை அவர் இடுப்பை ஒடுக்கிய இடத்தில். அந்த வீட்டின் சரியான அளவு உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, நான் நிறுத்தாமல் எடுத்த அந்த ஷாட்டில்.

சனிக்கிழமை காலை அதே கேமரா, அதே லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். டில்லி அண்ணனையும் கூப்பிட்டேன். "மூட்ட தூக்கணுமா, வரேன் மேடம்," என்றார். பிரவீனிடம் சொல்லவில்லை. அந்த ஷாட்டை எடிட்டிங்குக்கு அனுப்பாமல் நானே வைத்திருந்தேன்.

நல்லவேளை, தரையில் ஸ்டாண்டுக்கு ஒட்டிய டேப்பை யாரும் பிய்க்கவில்லை. அதே மூன்று புள்ளியில் ஸ்டாண்டை நிறுத்தினேன். மடிக்கணினியில் மாமியின் ஷாட்டை ஓட்டி, கை விரிகிற இடத்தில் நிறுத்தினேன். பக்கத்தில் கேமராவின் மானிட்டர். அதில் டில்லி அண்ணன் மாமியாக நின்றார்.

"அண்ணே, இன்னும் ஒரு அடி பின்னாடி. கையை இறக்குங்க. இன்னும்."

"இவ்ளோ கீயவா?"

"மாமி உங்களவிடக் குட்டை அண்ணே."

"அதுக்கு இன்னா பண்றது? முட்டிய மட்ச்சிக்கினு நடக்கட்டா?"

அப்படித்தான் நடந்தார். முட்டியை மடித்துக்கொண்டு, கையை நீட்டி, கால் தூக்கி வைத்து, இடுப்பை ஒடுக்கி. அவர் கை நின்ற இடத்துக்கு பீரோவின் பிடி வரும்படி நகர்த்தினோம். இரண்டு அங்குலம் அந்தப் பக்கம், ஒரு அங்குலம் இந்தப் பக்கம். பாய், மேஜை, கடைசியில் நாற்காலி. மடிக்கணினியில் மாமி காற்றில் உட்காரப் போகிற அந்த ஃபிரேமை மட்டும் நான் பலமுறை பார்க்க வேண்டியிருந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு பார்த்தேன்.

சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷம் கூடவே இருந்தேன்," என்றார். "இவ இப்படி நடப்பான்னு நான் பாத்ததே இல்லம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திரைகளைக் கழற்றினோம். கேமராவைப் பிரித்துப் பையில் வைத்தேன். டேப்பையும் உரித்து எடுத்து, தரையைத் துடைத்தாயிற்று.

"வசந்தா," என்று கூப்பிட்டார் சார், கூடத்திலிருந்தே. "காபி ஆறறது பாரு."

எத்தனையோ திகில் காட்சிக்கு லைட் வைத்திருக்கிறேன். அன்று பட்டப்பகலில், ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

கதவு திறந்தது. மாமி வந்தார். கை நீண்டது. விரல்கள் விரிந்தன.

பீரோவின் பிடி 'டிங்' என்றது.

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. இடது காலைத் தூக்கி வைத்தார், பாய் இருந்தது. இடுப்பை ஒடுக்கினார், மேஜை முனை புடவையை உரசிக்கொண்டு போயிற்று. ஜன்னலோரம் திரும்பி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிரம்பு கிறீச்சிட்டது. டில்லி அண்ணன் அதுவரை நீட்டி வைத்திருந்த இரண்டு கைகளையும் கீழே போட்டார்.

"யாரு இவாள்லாம்?" என்றார் மாமி.

"ஷூட்டிங்காரா."

"சாப்ட்டாளா?"

சுத்தி வா

அத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். காபி குடித்துவிட்டு மாமி எழுந்தார். வராந்தாவுக்குப் போக வாசலைப் பார்த்து நடந்தார், யாரும் பிடிக்காமல். கூடத்தின் கோடிக்கு வந்ததும் தயங்கினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். வெறும் தரையில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை, மெதுவாக, ஜாக்கிரதையாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"மேடம்," என்று டில்லி அண்ணன் கிசுகிசுத்தார். "அங்க இன்னா கீது?"

பத்து நாளும் என் ஸ்டாண்டு நின்ற இடம் அது. 

மறுநாள் மகள் வந்தாள். அம்மா நடையில் நடப்பதைப் பார்த்துவிட்டு, ஹோம் பேச்சை எடுக்காமலே திரும்பினாள் என்று சார் ஃபோனில் சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிரவீன் அந்த ஷாட்டைக் கேட்டார். "டில்லி அண்ணன் வர்றதுக்கு முன்னாடி வெட்டிக்கலாம் மேடம், செம ஷாட்." நான் சாரிடம் கேட்டேன்.

"படத்துல வேண்டாம்மா. ஆனா அழிச்சுடாதேங்கோ. நாளைக்கு யாராவது பீரோவை நகர்த்திட்டா வேணுமே," என்றார். பிரவீனுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படம் வந்தபோது கொலைகாரர் பால் பாக்கெட் போடுகிறவர் ஆகியிருந்தார். அந்தப் பாதி முகத்தைப் பார்த்த பிறகு வேறு யாரையும் யோசிக்க முடியவில்லையாம்.

அந்த ஷாட் என்னிடம்தான் இருக்கிறது. அது நான் செய்த பாவமா, புண்ணியமா என்று இதை எழுதுகிற இந்த நிமிடம் வரை எனக்குத் தெளியவில்லை.

போன மாதம் கோபாலபுரம் போயிருந்தேன். மாமி இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். சார் பேரைச் சுத்தமாக மறந்துவிட்டாராம். என்னை அழைத்துப்போய் வராந்தாவைக் காட்டுகிறேன் என்று முன்னால் நடந்தார். பின்னாலேயே போனேன். கூடத்தின் கோடி வந்ததும் நின்று, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கால் தடுக்கும். சுத்தி வா."

நான் செருப்பில்லாத காலைத் தூக்கி வைத்து, சுற்றிக்கொண்டுதான் போனேன்.